ஐம்பதாயிரத்துக்கு மேலே

ஐம்பதாயிரம் டாலர் வரைக்கும்
உன் சாவு உனக்கு இலவசம்.
அதற்கு மேலே கம்பெனி எடுத்துத் தரும் காப்பீட்டுக்கு
அரசாங்கம் ஒரு விலை வைத்திருக்கிறது:
ஆயிரத்துக்கு, மாதத்துக்கு, இத்தனை காசு.
அதை உன் சம்பளம் என்று எழுதவேண்டும்.
எழுதுகிறவள் நான்.
குளோக்கெட் காகித ஆலை, சம்பளப் பிரிவு,
இரண்டாவது ஜன்னல்.

நாற்பத்தாறு வயது எனக்குப் பதினைந்து காசு.
ஐம்பத்தைந்தில் நாற்பத்து மூன்று.
அறுபதில் அறுபத்தாறு.
டிசம்பர் முப்பத்தொன்றில் என்ன வயதோ
அந்த வருஷம் முழுக்க அதுதான்,
ஜனவரியிலிருந்தே.

லைல் நிஸ்கனென் பிறந்தது
டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்று நாற்பது.
லோரன் வெளியே வந்தபோது
ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ
புத்தாண்டுக்கு ஊதிக்கொண்டிருந்தார்களாம்.
ஒரே வயிறு, ஒரே ஆலை, ஒரே ஷிப்ட்,
ஆளுக்கு ஒன்றரை லட்சம்.
அந்த வருஷக் கணக்கில்
அண்ணனுக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு,
தம்பிக்கு ஐந்நூற்றுப் பதினாறு.

ஜன்னலில் முழங்கையை ஊன்றிச் சொல்வான் லைல்:
"கைக்கு வராத காசுக்கு வரி.
அதுவும் இவனைவிட அதிகம்.
அம்மா இன்னும் இருபது நிமிஷம்
பல்லைக் கடித்திருக்கலாம்."
பின்னாலிருந்து லோரன்:
"மூத்தவன் நீதானே, அனுபவி."

அக்டோபர் கடைசி நாள்,
முதல் பனி.
மூன்றாம் எண் உலர்த்திக்குப் பக்கத்தில்
உட்கார்ந்த லோரன் எழுந்திருக்கவில்லை.

ஜேனட்டுக்கு ஒன்றரை லட்சம் வந்தது.
அதற்கு வரி கிடையாது என்று
இரண்டு தடவை சொன்னேன்,
முதல் தடவை அவள் காதில் விழவில்லை.
அவன் படிவத்தில், பன்னிரண்டாம் கட்டத்தில்,
சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில்
பத்து மாதத்துக்கு நானூற்று முப்பது.

ஜனவரி இரண்டாம் தேதி கணினி கேட்டது:
நிஸ்கனென், எல். அறுபதாம் வயது வரிக்கு மாற்றவா?
எந்த எல் என்று திறந்து பார்க்கவில்லை.
லைல் போன வருஷமே மாறிவிட்டான்.
காபி எடுத்துவர எழுந்து போனேன்.

அந்த வாரம் லைல் வந்தான்.
"இந்த வருஷத்திலிருந்து ரெண்டு பேருக்கும்
ஒரே ரேட்தானே?"
ஆமாம் என்றேன்.

கல்யாணம் ஆகாதவன்.
வாரிசு என்ற கட்டத்தில்
முப்பத்தோரு வருஷமாக லோரன்.
புதுப் படிவம் கொடுத்தேன்,
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
இது ஜூன். படிவம் திரும்பவில்லை.
நான் மட்டும் மாதாமாதம் எழுதுகிறேன்,
பெயர் தெரியாத ஒருவருக்காக அவன் சம்பாதித்ததாக
அறுபத்தாறு டாலர்.