மூன்றாவது மாடி

சில்க் போர்டு சிக்னலில் சிக்கி
நாற்பது நிமிடம் பிந்தி வந்தார்
டாக்டர் இன்பவல்லி தேவசகாயம்.
கட்டுரைகள் முப்பத்தொன்று.
டீன் விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தார்.

"ஆய்வகத்திலிருந்து கட்டில்வரை
எவ்வளவு தூரம், உங்கள் கணக்கில்?"
நான் எழுதிக் கொடுத்த கேள்விதான்;
நாலு பேர் ஏற்கெனவே
அழகாகப் பதில் சொல்லிப் போயிருந்தார்கள்.

"ஒரு லிஃப்ட், சார். பாதி நாள் பழுது.
ஐஸ் பெட்டியோடு படியேறுவேன்.
பதினேழாம் எண் நோயாளி ஒருநாள் கேட்டார்:
எனக்குப் போடுறது மருந்தா, வெறும் தண்ணியா?"

"என்ன சொன்னீர்கள்?"

"எனக்கும் தெரியாதென்று.
ஆய்வின் விதி அது.
சிரித்துவிட்டுக் கையை நீட்டினார்."

படிவத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா, என்றார் டீன்.

"இங்கே லிஃப்ட் ஓடுகிறதா?"

நாங்கள் ஐவரும்
மூச்சிரைக்கப் படியேறித்தான் வந்திருந்தோம்.