மூன்று விசில்

ஹாலே நகரில், நவம்பரில், காலை ஏழரைக்கு
விடிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.
நிலவறையில் மட்டும் எந்நேரமும் கோடை:
ஊதா விளக்கு, ஈரக்காற்று,
நாற்பது தொட்டிகளில் தக்காளி,
செடிக்கொன்றாக என் புழுக்கள்.

என் வேலை எடை பார்ப்பது.
இடுக்கியால் இடுப்பைப் பற்றித் தூக்கினால்
(புழுவுக்கு எது இடுப்பு என்று கேட்கக்கூடாது)
கோபத்தில் பச்சையாய்க் கொஞ்சம் கக்கும்.
தராசு நடுங்கி ஓயும்வரை
மூச்சைப் பிடித்து நிற்பேன்.
மூன்றாம் எண்: செவ்வாய், நாற்பத்தொரு மில்லிகிராம்.
புதன், நாற்பத்திரண்டு.
வியாழன், நாற்பத்தொன்று.

தின்னாமல் இல்லை.
இரவெல்லாம் தின்கிறது, நரம்பை மட்டும் மிச்சம் வைத்து,
கீழே கடுகு கடுகாய்ப் புழுக்கை போட்டு.
உடம்பில்தான் ஒட்டவில்லை.
உண்டதை வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று
குடலில் இருக்கிறது;
அதன் இரண்டு அலகுக்கும் நடுவில்
இலை செய்த ஒரு புரதம்
கல்லாய்ப் போய்ச் சிக்கிக்கொண்டது.
பந்தியில் உட்கார்ந்தபடியே பட்டினி.

நஞ்சு என்றுதான் முதலில் நினைத்தேன்.
கெசீனெ சிரித்தாள். "நஞ்சில்லை, பூட்டு."

கடிபட்டது அடியிலை.
நேற்று உச்சியிலையைக் கிள்ளிச் சோதித்தோம்.
எந்த வாயும் படாத இலை.
அதிலும் அதே புரதம்.
யார் போய்ச் சொன்னது?
தண்டுக்குள் ஏதோ ஓடியிருக்கிறது, கத்தாமல்.

பதினேழாம் எண் மட்டும் கணக்கில் அடங்கவில்லை.
நான்கு நாள் காய்ந்து கிடந்தது,
ஐந்தாம் நாள் ஐம்பத்தெட்டு.
தராசைத் துடைத்து மறுபடி வைத்தேன். ஐம்பத்தெட்டு.
வேறொரு கத்தரிக்கோல் செய்துகொண்டதாம் குடலுக்குள்,
இந்தக் கல் பொருந்தாத அலகோடு.
"அடிப்பாவி" என்றேன், தமிழில்.
குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதினேன்.
இனி இலை என்ன செய்யும்?
தெரிவதற்குள் திட்டப் பணம் மார்ச்சில் தீர்ந்துவிடும்.

இரவு ஒன்பது. ட்ராமில் வந்து,
விரலில் தக்காளி வாடை போகக் கழுவி,
நேற்றே ஊறவைத்த ராஜ்மாவைக் குக்கரில் ஏற்றினேன்.
அந்த விதைக்குள்ளும் இப்படியொரு பூட்டு,
எந்த வயிற்றுக்கென்றோ செய்துவைத்தது,
என் வயிற்றையும் சேர்த்து.

முதல் விசில்.
மேல்மாடி ட்சீகெ தரையைத் தட்டினார், வழக்கம்போல்.
இரண்டாவது.
உள்ளே அவிழ்கிறது, சுருட்டி மடித்த புரதம்,
மடிப்புக் கலைந்து, எதற்கும் பொருந்தாமல்.
கூரிய பல்லோ நகமோ இல்லாத என் இனம்
குடலுக்கு வெளியே வைத்துக்கொண்ட கத்தரிக்கோல்
இந்த அடுப்பு.

மூன்று.
அணைத்தேன். ஆவி இறங்கட்டும்.
பதினேழு இந்நேரம்
இரண்டாவது இலைக்குப் போயிருக்கும்.