நான்காம் குழி

'அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம்'
என்கிறது பெட்டிக்குள் மடித்துவைத்த தாள்.
எந்த ஊர் அறை என்று சொல்லவில்லை.
குன்னூரில் தை மாதம், காலை எட்டரை.
சுவர் வெப்பமானியில் பதினொன்று.
ஹீட்டரை மேசைக்கடியில் இழுத்து
இருபத்திரண்டு வரும்வரை
கையுறைக்குள் விரல் மடக்கி நிற்கிறேன்.
சன்னலுக்கு வெளியே இரண்டு காட்டெருமைகள்
டாக்டரின் காரை முகர்கின்றன.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும்
கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக் கிடக்கிறது எதிர்ப்பொருள்.
எல்லாம் ஒரே அச்சு.
எந்த நாட்டிலோ எப்போதோ செத்த
சுண்டெலியின் மண்ணீரலில் இருந்த ஒற்றைச் செல்லை
சாகத் தெரியாத புற்றுச் செல்லோடு கலந்தார்களாம்.
அதன் வம்சம் இன்னும் குடுவைகளில் பெருகுகிறது.
அது சுரக்கும் இதற்கு
ஒரே ஒரு வடிவம்தான் தெரியும்.
ஆயிரம் புரதம் உரசிப் போகட்டும், அசையாது.
இன்டர்ஃபெரான் காமா வந்தால் விடாது.
பிடிவாதம் என்ற சொல்லுக்குள்
ஒரு பிடி இருப்பதை
இந்த வேலைக்கு வந்துதான் கண்டேன்.

இன்டர்ஃபெரான் என்பது ஒரு கூப்பாடு.
முன்பே பழகிய காசக் கிருமியின் துண்டைக் கண்டால்
வெள்ளையணு போடும் சத்தம்:
இவனை எனக்குத் தெரியும், ஓடி வாங்க.
காதுக்கு எட்டாத சத்தம்.
பிடித்து, கழுவி, நிறமாக்கித்தான்
பார்க்க வேண்டும்.

ஆளுக்கு நான்கு குழாய்.
ஒன்று வெறுமை,
சும்மா இருக்கையில் ரத்தம் என்ன முணுமுணுக்கிறது என்றறிய.
இரண்டிலும் மூன்றிலும் கிருமித் துண்டுகள்.
நான்காவதில் வெறும் வம்பு.
எந்த ரத்தமும் கத்தியே தீர வேண்டிய சீண்டல்.

ஆறு முறை கழுவி
தட்டைக் கவிழ்த்துத் தட்டினேன்.
நிறமூட்டி ஊற்றி, இருட்டில் அரை மணி.
நடுவில் கரண்ட் போய் வந்தது.
மூடியைத் திறந்தால்
அங்கங்கே நீலம், ஊட்டி வானம் எப்போதாவது காட்டுகிற நீலம்.
அமிலம் பட்டதும் மஞ்சள்.

முப்பத்தேழாம் எண்ணுக்கு
நான்கு குழியும் தண்ணீர்.

கை தானாக 'இல்லை' என்று எழுதப் போனது.
இரண்டும் மூன்றும் தெளிவாக இருக்கின்றன, காசம் இல்லை,
அடுத்த எண்.
நான்காவது தடுத்தது.
வம்புக்கிழுத்தும் வாய் திறக்காத ரத்தம்
எதையும் மறுக்கவில்லை,
பேசவில்லை, அவ்வளவுதான்.

கோத்தகிரியிலிருந்து குழாய்களைக் கொண்டுவந்த
ஜோகியண்ணனுக்குப் போன் போட்டேன்.
"கட்டபெட்டுல வண்டி நின்னுடுச்சும்மா.
ஒன்றரை மணி நேரம். உறைபனி.
பெட்டிக்குள்ள கை வச்சா ஐஸு.
எல்லாத்தையும் ஸ்வெட்டருக்குள்ள போட்டுக்கிட்டேன்.
நாலு மட்டும் கொள்ளல."

குளிரில் விறைத்ததா,
அந்த உடம்பே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்ததா?
தட்டுக்குத் தெரியாது. எனக்கும்.
'தீர்மானிக்க இயலவில்லை. மறு ரத்தம் தேவை'
என்று எழுதி
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தேன்.

யாரென்று தெரியாது.
பெண், நாற்பத்தொன்று, கொழுந்தெடுப்பவர்.
இன்னொரு முறை ஊசிக்கு வந்தால்
தோட்டத்துக் கணக்கில் அரைப்பேர்தான் விழும்,
மீதிக் கூலி போனது போனதுதான்.
என்னிடம் எண் மட்டும் உள்ளவருக்கு
அங்கே பாதிப் பெயர்.

வியாழக்கிழமை வந்தது மறு ரத்தம்.
வெயில் சுள்ளென்று அடிக்கிறது,
காட்டெருமைகள்கூட நிழல் தேடிப் போய்விட்டன.
ஜோகியண்ணன் வியர்த்து வழிய நிற்கிறார்,
ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர்.
ஒன்று குழாய்களுக்காம்.
பெட்டியைத் திறக்கவே இல்லை;
நெஞ்சுக்குள் கைவிட்டு
ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறார்,
ஒன்று, இரண்டு, மூன்று,
வெதுவெதுப்பாக.