புலப்படம்

ஹைகிரவுண்டில் ஸ்கேன் எடுத்துக் கொடுத்த கவர்
மடியில் அடங்கவில்லை.
பஸ் ஜன்னலோரம் நிறுத்திவைத்தேன்.
சேரன்மகாதேவி வரைக்கும்
என் தலைக்குள் இருப்பது
என் முழங்காலுக்கு நிழல் தந்தது.

பதினாறு வருஷமாய் நில அளவர்.
படம் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை நான்.

ஒன்பது வெள்ளைப் புள்ளி.
போன வருஷமும் ஒன்பது.
"புதுசா ஒண்ணுமில்லம்மா, நல்ல சேதி."
நல்ல சேதியை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன்.
இடது செருப்பு மூன்றாம் படியில் நின்றுவிட்டது.
நான் நாலாம் படியில் இருந்தேன்.

திரும்ப ஏறிப்போய்க் கேட்டேன்,
அப்ப இந்தக் கால் எந்தப் புள்ளி சார்?
பேனா முனை படத்தின்மேல் அலைந்தது,
புதைந்த கல்லைக் கடப்பாரையால் தட்டித் தேடும்
செயின்மேன் ஆறுமுகநயினார் மாதிரி.
"இதுல இல்ல. தண்டுவடத்துல இருக்கலாம்.
படத்துல தெரியாத அளவுக்குச் சின்னதாவும் இருக்கலாம்."
பிறகு உளுந்து அளவில் ஒன்றைத் தொட்டு,
"இது உங்களை என்ன பண்ணுச்சு?"

ஒன்றுமே பண்ணவில்லை.
எந்த ஜமாபந்தியில், எந்த மத்தியானத்தில்
வந்து உட்கார்ந்ததோ.
இருப்பதிலேயே பெரிய புள்ளி,
ஒரு நாள் லீவு கூடக் கேட்கவில்லை.

வலது கண் அப்படியில்லை.
அது பழைய கணக்கு, ஆறு வருஷம்.
மருந்து ஏற்றி எடுத்தாலும் மின்னாது,
ஆறிப்போச்சு என்றார்கள்.
ஆனால் சித்திரையில் பதினொரு மணிக்கு மேல்
எல்லைக்கல் பாலில் விழுந்த மாதிரி கரையும்.
வேப்பமரத்தடியில் கால்மணி நேரம், ஒரு செம்புத் தண்ணீர்,
கல் திரும்ப வரும்.
படம் மறந்ததை
வெயில் ஞாபகம் வைத்திருக்கிறது.

குனிந்து டேப் வாசித்தால்
கழுத்திலிருந்து இடுப்புக்கு ஒரு கரண்ட்.
விலா எலும்பைச் சுற்றி, சில ராத்திரி,
யாரோ கச்சை இறுக்குகிறார்கள்.
அவர் போனில் கேட்டார்:
"புதுசா ஒண்ணுமில்லைல்லா? பொறவு என்னளா?"
ஆபீசில் லேசான வேலை கேட்டு எழுதினேன்.
கிளார்க் ரிப்போர்ட்டைப் புரட்டினான்.
மாற்றம் இல்லைன்னுல்லா போட்டிருக்கு.

ஆமாம். போட்டிருக்கிறது.

ஏ-பதிவேட்டில் குளம் என்று நான் வாசித்த இடத்தில்
கல்யாண மண்டபம், வாசலில் வாழைமரம்.
பந்தியில் யாருக்கும் கால் நனையவில்லை.
முக்கூடல் பக்கம் 214/3-இலோ
வாய்க்காலே கிடையாது, புஞ்சை.
கார்த்திகை வந்தால் வரப்பு தானாக ஊறும்.
சுயம்புகனி மூன்று மனு கொடுத்தார்.
நான்தான் பதில் எழுதினேன்:
'பதிவுகளின்படி நீர்வழி ஏதுமில்லை.'
அவர் தாளை இரண்டாக மடித்தார்.
"ஏம்மா, படத்துல இல்லைன்னா
தண்ணி பொய்யா சொல்லுது?"
அன்றைக்கு எனக்கு அடுத்த ஊருக்கு பஸ்.

புலம் என்றால் வயல்.
புலம் என்றால் கண்ணும் தோலும் கூட.
இத்தனை வருஷம் ஒரு அர்த்தத்துக்குத்தான்
சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

இந்தக் கார்த்திகையில் விடிகாலை,
வெயிலுக்கு முன்னால் போனேன்.
யாரும் கூப்பிடவில்லை, மனுவும் இல்லை.
சுயம்புகனி பம்புசெட் பக்கமிருந்து பார்த்தார்,
கிட்டே வரவில்லை.
வரப்பில் நடந்தேன், இடது காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து
எடுத்து வைத்து.
இடது பாதம் சொன்னது: காய்ந்த தரை.
படமும் அதையேதான் சொல்கிறது.

குனிந்தேன். கரண்ட் இறங்கியது, இறங்கட்டும்.
செருப்பைக் கழற்றித் தலைகீழாய்ப் பிடித்தேன்.
தண்ணீர் கொட்டியது.
பென்சிலை எடுத்தேன்.