எட்டுக்கு ஏழு

"எட்டுக்கு ஏழு போட்டுடலாம் மேடம்,
சுவரு சும்மாதானே கிடக்கு"
என்றார் சவுரிநாதன்.
காதில் பென்சில், கையில் டேப்.
ரெட்டியார்பாளையத்தில் இரண்டாம் மாடி,
பெயிண்ட் வாசம் இன்னும் போகாத அறை.
சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு
சுவர் சும்மா கிடப்பது
வலிக்கத்தான் செய்யும்.

"புடவை எத்தனை, சுடிதார் எத்தனை,
தொங்கவிடறது எது, மடிக்கிறது எது,
சொன்னா தட்டு பிரிச்சுடுவேன்."

சம்பளம் கேட்டிருக்கிறார்கள்.
நாற்பத்து மூன்றாகியும் ஏன் தனியாக என்று கேட்டிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இரவு
எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன்.
கட்டில் காணாமல் போனது.
எண்ணினால் நூற்றியொன்று,
மொய் எழுதிய மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில்
குவியலுக்குள் கைவிட்டு
பாதி விலைக்குக் கேட்டு
ஜெயித்த சந்தோஷத்துக்காகவே வாங்கியவை இருபத்திரண்டு.
ஜெயித்தது ஞாபகம் இருக்கிறது,
போட்டது ஞாபகமில்லை.

ஐம்பத்தெட்டுக் கிலோவில் இருந்த ஒருத்திக்கு
ஒன்பது.
திரும்பி வருவாள் என்று
ஆறு வருடமாக
அவளுக்கு அந்துருண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சளில் ஒரு பட்டு.
"உனக்கு எடுக்கும்" என்றாள் பெர்னதெத்.
கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது
புடவை வந்திருந்தது,
நான் வரவில்லை.

பிறகு கணக்கு.
மின் கட்டண ரசீதின் முதுகில்
(முத்தியால்பேட்டையில் அதைக் கொடுப்பவளே நான்தான்)
எழுதினேன்:

வாரத்துக்குக் கவுண்டர் ஐந்து நாள்.
ஐப்பசி பிறந்துவிட்டால்
ஒரு குர்தா காய மூன்று நாள்,
கடல் ஈரம் சேர்ந்தால் நாலு.
ஐந்தும் நாலும் ஒன்பது.
நெல்லித்தோப்பு சிக்னலில்
பஸ் வாரி இறைக்கும் சேற்றுக்கு ஒன்று.
பத்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு
நான் இடுப்புக்கு மேல்தான்.
ஆகவே பேண்ட் நாலு போதும்.
சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்க ஐந்து.
நைட்டி நாலு.
கல்யாணத்துக்குப் புடவை மூன்று.
'போன கல்யாணத்துல கட்டினதுதானே' என்பார்கள்.
ஆமாம்,
நீங்களும் போன கல்யாணத்துக்கு
இதே முகத்தோடுதான் வந்தீர்கள்.

சாவுக்கு ஒன்று.
அது மட்டும் எப்போதும் இஸ்திரி போட்டு.

ஒரு மழைக்கோட்டு.
தீபாவளிக்கு வரப்போவதற்கு
ஒரு ஹேங்கர் காலி.

கூட்டினால் இருபத்தொன்பது.
நம்பாமல் இன்னொரு தரம் கூட்டினேன்.

எதை வைப்பது, எதை விடுவது?
பை இல்லாததை எல்லாம் ஒதுக்கினேன்.
மலை பாதியாகிவிட்டது.
வலப்பக்கம் வண்டிச் சாவி, இடப்பக்கம் சில்லறை,
இரண்டு பை இல்லாமல் எனக்கு நடக்கவே வராது.
"லேடீஸுக்கு எதுக்கும்மா பாக்கெட்டு" என்று
வருடக்கணக்காகக் கேட்ட தையல்கடை முபாரக் பாய்
இப்போது கேட்காமலே வைத்துத் தருகிறார்.
எனக்கு ஸ்டைல் கிடையாது என்று
ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே,
அவருக்கு அது அளவோடு தெரிந்திருக்கிறது.

விடியும்போது கதவோரம் மூன்று மூட்டை.
ஒன்றைப் பிரித்து
ஐம்பத்தெட்டுக் கிலோக்காரியின் பச்சைச் சுடிதாரைத்
திரும்ப எடுத்துக்கொண்டேன்.
கணக்கில் எழுதவில்லை.

"நாலுக்கு ஏழு" என்றேன்.
சவுரிநாதன் சுவரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"அப்புறம் பத்தலைன்னு என்னைச் சொல்லக்கூடாது."
"சொல்லமாட்டேன்."
"மீதி நாலடிக்கு?"
"ரெண்டு கொக்கி, நடுவுல ஒரு கம்பி.
மழைக்குத் துணி காயப்போட."

காதிலிருந்து பென்சிலை எடுத்துச்
சுவரில் ஒரு கோடு போட்டார்.
அண்ணாந்து யோசித்தார்.
"ஃபேன் காத்து இங்க எட்டாதே மேடம்.
நகர்த்திடலாமா?
எலக்ட்ரீஷியன் நம்ம மச்சான்தான்."