ஆறு மணி வண்டி

மெஸ்தியாவிலிருந்து திபிலீசிக்கு ஒன்பது மணி நேரம்.
மண் சரிந்தால் பத்து.
பசுக்கள் படுத்துவிட்டால் சொல்ல முடியாது.
நடுச்சாலையில் படுக்கும் பசுவுக்கு
என் ஹாரன் ஒரு தாலாட்டு.

மக்வலா குஜெஜியானியை
இரண்டு வருடத்தில் ஏழு முறை ஏற்றியிருக்கிறேன்.
எப்போதும் எனக்குப் பின்னால் முதல் இருக்கை.
மடியில் ரொட்டிப் பை. உள்ளே ரொட்டி இல்லை,
ரத்தப் பரிசோதனைக் காகிதங்கள்,
மடித்து மடித்து மடிப்பில் எண்கள் அழிந்தவை.

ஜூலையில் எல்லோரும் ஜன்னலைத் திற என்று கத்த
அவள் மட்டும் ஸ்வெட்டரின் கைகளுக்குள்
விரல்களை இழுத்துக்கொண்டாள்.
சீப்பில் வந்த முடியை
யாருடையதோ போலப் பார்த்தாள்.

ஜுக்தீதியில் பார்த்தவர் வயசு என்றார்.
அவளுக்கு நாற்பத்துநான்கு.
குதாயிசியில் பார்த்தவர்
கணவன் போலந்தில்தானே, ஏக்கம் என்றார்.
"அந்த ஆள் இங்கிருந்தபோதே எனக்கு ஏக்கம் இருந்ததில்லை"
என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்தாள்.
மூன்றாமவர் மாத்திரையைக் கூட்டினார்.
அந்த மாதம் அவள் தூங்கவில்லை,
மேட்டில் இரண்டாம் கியரில் அலறும் வண்டி மாதிரி
நெஞ்சு அடிக்கிறது என்றாள்.
நான்காமவர் குறைத்தார்,
காகிதத்தைப் பார்க்காமலே,
போனில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து சொல்லிக்கொண்டே.

வண்டிக்கு எனக்கு கோச்சா இருக்கிறான்.
பானெட்டைத் திறக்க மாட்டான் முதலில்.
சிகரெட்டை அணைப்பான், நின்று கேட்பான்,
அப்புறம் கேள்வி: எந்த பங்கில் டீசல் போட்டாய்,
மழையில் நின்றதா, கடைசியாக யார் கைவைத்தது?
உனக்கு ஒரு கோச்சா வேண்டும் என்றேன்.
சிரித்தாள். குரல் கரகரத்து
சிரிப்பு பாதியில் இருமலானது.

பின் இருக்கையில் தேன் விற்கப் போகும் ஒருத்தி
முட்டை அட்டையைக் கிழித்து எண் எழுதி நீட்டினாள்.
லமாரா, தைராய்டு மட்டும் பார்ப்பவர்,
என் நாத்தனாரின் கழுத்தை அவர்தான் காப்பாற்றினார்.
நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.
காத்திருந்தாள்.
அந்த அட்டையும் பைக்குள் போனது.

திரும்பி வரும்போது
ஜ்வாரிக்கு மேலே பசுக்கள் வழிமறித்தன.
என்ஜினை அணைத்தேன். அப்போதுதான் சொன்னாள்.

ஒரு குவளை தண்ணீர் கொடுத்து
விழுங்கு என்றாராம்,
தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாராம்.
பின்னால் வந்து நின்று
இரண்டு கை விரல்களாலும் கழுத்தைத் தடவியிருக்கிறார்.
கை சூடாக இருந்தது, அதைச் சொன்னபோது
அவள் கண் ஏனோ கலங்கியது.
பிறகு கேட்டார்:
மாத்திரையை எதோடு விழுங்குகிறாய்?

பாலோடு.
விடியலில் கறந்த சூடு ஆறுமுன்,
வாளியிலிருந்து மொண்டு.

பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.
நான்கு பேர் எவ்வளவு என்று கேட்டார்கள்,
எதோடு என்று ஒருவரும் கேட்கவில்லை.
மருந்தைப் பசு குடித்துக்கொண்டிருந்தது
என்று மக்வலா சாலையில் படுத்திருந்ததைப் பார்த்துச் சொன்னாள்.
அதுவும் அசை போட்டபடி எங்களைப் பார்த்தது.

எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள்.
கழுத்தின் இடப்பக்கம் பட்டாணி அளவில் ஒன்று இருக்கிறதாம்.
ஊசி குத்தி எடுத்திருக்கிறார்கள்.
பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் இருக்கும் என்றாராம்,
பெரும்பாலும் என்பதை அழுத்திச் சொல்லாமல்,
மறைக்காமலும்.

இன்று பதில் வாங்கப் போகிறோம்.
ஆறு மணி, இன்னும் இருட்டு.
மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு ஏறினாள்.
பையில் இந்த முறை ரொட்டியும் இருக்கிறது, வாசம் வருகிறது.
வழக்கமாக முதல் காபியை
முதல் இருக்கைக்குத்தான் நீட்டுவேன்.
பிளாஸ்க் என் முழங்கால்களுக்கு நடுவே.
பேச்சோ வளைவு தாண்டியாயிற்று.
"எவ்வளவு?" என்றேன்.
கைக்கடிகாரத்தை டாஷ்போர்டு வெளிச்சத்தில் சாய்த்தாள்.
"இருபத்தைந்து. இன்னும் ஐந்து நிமிஷம்."
மெதுவாக ஓட்டினேன்.