பதினேழாம் பக்கம்

சுன்னிவா,
உன் வரைவை நேற்றிரவு படித்தேன்.
ஆய்வுக்கூடத்தில் நானும் அயர்ச்சிச் சோதனை எந்திரமும்தான்.
அது ஒரு பற்றவைப்பை நொடிக்குப் பத்து முறை
இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.
வெளியே திரோன்ஹைமில்
மழையா பனியா என்று முடிவெடுக்காத ஏதோ ஒன்று,
உன் மூன்றாம் பத்தி மாதிரி.

பென்சிலால்தான் குறித்திருக்கிறேன்.
கோபம் வந்தால் அழித்துவிடலாம்.

முதல் பக்கம்.
அளக்கப்பட்டது, கண்டறியப்பட்டது, கருதப்பட்டது.
இத்தனை பட்டும்
பட்டது யாரென்று தெரியவில்லை.
பிப்ரவரியில் படகுத்துறைச் சாய்பாலத்துக்கு அடியில்
மல்லாந்து படுத்து அளந்தவள் நீதானே?
கையுறையின் விரல் இரும்பில் ஒட்டிக்கொண்டதென்று
சாப்பாட்டு மேசையில் காட்டினாயே,
அந்த ஆள் எங்கே?
"அளந்தேன்" என்று எழுது.
இலக்கணம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

படம் நான்கு.
செங்குத்து அச்சில் எண்கள்
ஊர்பேர் இல்லாமல் நிற்கின்றன.
நாற்பது என்றால், நாற்பது என்ன?
அப்புறம், உன் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும்
எனக்கு ஒரே பழுப்பு.
மூன்று வருடமாகப் பக்கத்து மேசை,
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
ஒரு கோட்டைப் புள்ளிபுள்ளியாகப் போடு.

பக்கம் பதினேழு, கீழிருந்து நான்காம் வரி:
"எனினும், சில இணைப்புகளில் வரம்பு மீறப்படும் சாத்தியம்
முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று."

இங்கே பென்சிலை வைத்துவிட்டேன்.
எழுந்து போய்க் காபி போட்டேன்.
குடிக்கவில்லை.

போன வருடம் இதே வாக்கியத்தை எழுதியவன் நான்.
கிட்டத்தட்ட இதே பக்கத்தில்.

ஒட்கெய்ர் என்று ஒருவர்,
தீவுத் துறையில் சாய்பாலத்தை ஏற்றி இறக்குபவர்.
என் அறிக்கை அவர் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தபோது
வரிசையில் பதினொரு வண்டிகள்,
படகு கிளம்ப ஆறு நிமிடம்.
அவர் முதல் பக்கத்தைப் படித்தார்.
முதல் பக்கத்தில் நான்
உருக்கின் வரலாறு எழுதியிருந்தேன்.
பச்சை விளக்கைப் போட்டார்.

யாரும் சாகவில்லை.
பாலம் ஒரு பக்கமாக ஒரு சாண் இறங்கியது.
சால்மன் லாரியின் பின்கதவு திறந்துகொண்டது.
ஒன்பது டன் மீன் கடலுக்கே திரும்பிப் போனது,
ஐஸ்கட்டியோடு.
செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை ஒட்கெய்ர் கூப்பிட்டார்.
"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"
"அறிக்கையில் இருக்கிறது" என்றேன்.
"எங்கே?"
அவர் விரலால் தள்ளித் தள்ளித் தேடுவது
மூச்சிலேயே கேட்டது.
பக்க எண்ணைச் சொல்ல
எனக்கு நாக்கு எழவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்.
முதல் வரியில் விரிசலை வை.
ஏழாம் இணைப்பு. இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
கனரக வண்டிகளை நிறுத்துங்கள்.
அவ்வளவுதான், பிறகு மூச்சு விட்டுக்கொள்.
உருக்கின் வரலாறு எங்கும் ஓடிவிடாது.
தெரியாததைத் தெரியாது என்று எழுது,
எவ்வளவு தெரியாது என்பதையும் சேர்த்து.
"ஓரளவு" என்பது எந்த அளவும் அல்ல.
தேர்வாளர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்,
அந்தப் பாலத்தில் லாரி ஓட்டப்போவது
அவர்கள் இல்லை.

நன்றியுரையில் என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறாய்.
எய்வின்ட், கடைசியில் ட்.
அது கிடக்கட்டும்.
பதினேழாம் பக்கத்தை முன்னால் கொண்டுவா.

எந்திரம் இப்போதுதான் நின்றது.
பெரிய சத்தமெல்லாம் இல்லை,
யாரோ பேச்சை நடுவில் விட்டது போல.
எத்தனை சுற்றில் உடைந்தது என்று
உன் மேசையில் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.
பெரிய எழுத்தில்.
மேலேயே.